சிம்லிங்க் வழியாக ஓடும் நிரல் தன் இடத்தை அறிய

திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றின் லினக்ஸ் கணினியில் பில் நிரலை ‘ஆப்ட்’ கோப்புறையில் வைத்து, ‘பின்’னில் சிம்லிங்க் (அதைச் சுட்டும் குறுக்குவழிக் கோப்பு) மட்டும் கொடுத்தால், அமைப்புக் கோப்பைக் காணவில்லை என்று அது நின்றுவிடலாம். நிரலை அழைத்த பெயரைத் தரும் ஆர்க்வி பூச்சியத்தை (argv[0]) நம்பி லிங்க் இருக்கும் இடத்தில் தேடுவதே காரணம். அந்த மதிப்பை அழைப்பவர் விரும்பியபடி மாற்றலாம், நம்பவே வேண்டாம்.

ஓடும் நிரலைச் சுட்டும் ‘/ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ’ (/proc/self/exe) என்ற லிங்கை, லிங்க் காட்டும் பாதையைத் தரும் ரீட்லிங்க் ஃபங்ஷன் மூலம் வாசியுங்கள், லிங்க் எல்லாம் அவிழ்ந்த உண்மையான பாதை கிடைக்கும். ஆனால் ரீட்லிங்க், எழுத்துச் சரம் முடிந்ததைக் காட்டும் நல் (null) பைட்டை முடிவில் சேர்க்காது. பாதையை வாங்கும் பஃபரில் ஒரு பைட்டை மிச்சம் வைத்து, திரும்பிவரும் நீளத்தின் இடத்தில் நீங்களே 0 போடவேண்டும். இதை விட்டால் பாதைக்குப் பின்னால் குப்பை எழுத்துகள் வரும். ஓடும்போதே பழைய கோப்பை நீக்கி அப்டேட் செய்தால், பாதையின் வாலில் ‘டிலீட்டட்’ என்பதும் ஒட்டிக்கொள்ளும்.

மேக் கணினியில் நிரலின் இடத்தைக் கேட்டால் கிடைக்கும் பாதை லிங்காகவே இருக்கலாம், அதை ரியல்பாத் ஃபங்ஷனால் அவிழ்க்கவும்.