கந்தோரில் தங்கமான பெடியன், வீட்டில் எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கினால், சாதகம் பொருந்திய கையோடு விசாரிப்பு ஆரம்பமாகிவிடும். பெடியன் வேலை செய்யும் கந்தோரில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "ஆள் எப்படி அண்ணை?" என்று கேட்பார்கள். "தங்கமான பெடியன், அதிர்ந்து பேசமாட்டான்" என்று பதில் வரும். அதோடு எல்லோருக்கும் திருப்தி. நான் கண்ட விசாரிப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். ஓர் இடத்தில் கேட்டுவிட்டு முழு ஆளையும் அறிந்துவிட்டதாக நம்புகிறோம்.

வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1968இல், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். ஒருவர் ஓரிடத்தில் நடந்துகொள்வதற்கும் வேறோரிடத்தில் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் 0.3ஐத் தாண்டவில்லை. அச்சொட்டாகப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. ஆகவே அந்த அண்ணை சொன்னது பொய்யல்ல. அது கந்தோருக்குள் மட்டும் செல்லுபடியாகும் உண்மை.

அதற்காக மனிதருக்கு நிலையான குணமே இல்லை என்ற முடிவுக்குப் போவதும் பிழை. வில்லியம் ஃபிளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்குப் பல தடவை தாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்று ஆட்களையே குறிக்கச் செய்தார். காலையில் கலகலப்பாக இருந்தவரே பின்னேரம் ஒதுங்கி இருந்தார். ஆனால் பல நாட்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால், அது ஆளுக்கு ஆள் தெளிவாக வேறுபட்டது, அதே ஆளிடம் பெரிதாக மாறவும் இல்லை. எனவே நாலு இடத்தில் கேளுங்கள். அவருடைய தங்கையிடம், போர்டிங்கில் ஒரே அறையில் இருந்தவரிடம், கந்தோரில் கேட்பதென்றால் பியோனிடம். "ஆள் எப்படி?" என்பதை விட, "வேலை ஒன்று பிழைத்துப்போனால் என்ன செய்வார்? தனக்குக் கீழே இருப்பவரோடு எப்படிக் கதைப்பார்?" என்று கேட்டால் விஷயம் வரும்.

அடுத்த தவறு, ஒரு முகத்தை உண்மை என்றும் மற்றதை நடிப்பு என்றும் பிரிப்பது. என் அப்பா பருத்தித்துறை றோட்டில் மினிபஸ் கொண்டக்டர். "ஏறுங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று நாள் முழுக்கச் சத்தம். கிழவிகளோடு பகிடி, பள்ளிப் பிள்ளைகளோடு செல்லச் சண்டை. வீட்டுப் படலையைத் திறந்தால் அந்தக் குரல் நின்றுவிடும். கிணற்றடியில் நாலு வாளி அள்ளிக் குளித்து, பிளேன்ரீ குடித்து முடியும் வரை ஒரு சொல்லும் வராது. "ஊருக்கெல்லாம் சிரிப்பு, எங்களுக்கு மட்டும் இந்த முகமா?" என்று அம்மா பல வருடம் மனதுக்குள் வெந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன்.

விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட், 1983இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: உணர்ச்சி உழைப்பு. சம்பளத்துக்காகச் சிரிப்பதும் மூட்டை தூக்குவது போல ஓர் உழைப்புத்தான், அதற்கும் களைப்பு உண்டு. அப்பாவின் பகிடியும் உண்மை, மௌனமும் உண்மை. எங்களுக்கு முன்னால் சிரிக்காமல் இருக்கலாம் என்ற சுதந்திரம் அவருக்கு வீட்டில் மட்டும் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் அதை ஊகித்து அறியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. "களைச்சுப் போனன், அரைமணித்தியாலம் தாங்கோ" என்ற ஒரு வார்த்தை அம்மாவின் பல வருடங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

வேலைக் குரலை வீட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய ரீச்சர், இரவு புட்டுக்கு முன்னால் இருக்கும் ஒற்றை மகனையும் அதே குரலில் அதட்டுவார். பெரும்பாலும் அது அவருக்கே கேட்பதில்லை. பிள்ளை சொன்னால் கோபிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தவறை மட்டும் என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வாய் திறந்தால், "அந்தத் தம்பியா? கோயில் வேலைக்கெல்லாம் முதல் ஆளாய் நிற்கிற பிள்ளையெல்லோ" என்கிறோம். வெளியே கண்ட நல்ல குணத்தை வைத்து, வீட்டுக்குள் நடந்ததைப் பொய்யாக்குகிறோம். மேலே சொன்ன 0.3ஐ இங்கேயும் நினைக்க வேண்டும். முதலாளியிடம் கோபத்தை அடக்கத் தெரிந்தவன், வீட்டில் அடக்காமல் விடுகிறான். வேலைக் களைப்பு மௌனத்துக்குக் காரணமாகலாம், கை ஓங்குவதற்கு ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அந்தப் பெண் உங்களிடம் வந்து சொன்னால், அவன் வெளியில் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தொடங்காமல், அவளை முதலில் இருத்திக் கேளுங்கள்.