ஆத்தங்குடிக் கல்லில் எட்டுமுனை நட்சத்திரம்: வரையும் முறையும் அதன் பொருளும்

காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தெடுக்கப்படும் தரைக்கல்லுக்கு, இஸ்லாமிய வடிவவியல் கோலம் ஒன்றை எப்படி வரைவது, அச்சாக்கும்போது எவற்றைக் கவனிப்பது, எங்கே பதிப்பது, எங்கே பதிக்கக்கூடாது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். பட்டறைகளுக்கு அச்சு வரைந்து கொடுப்பது என் தொழில். நான் எடுத்துக்கொண்டிருக்கும் வடிவம், இரண்டு சதுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று திரும்பி நிற்பதால் பிறக்கும் எட்டுமுனை நட்சத்திரம். மொராக்கோவின் கைவினைஞர்கள் இதைக் காத்தம், அதாவது முத்திரை என்பார்கள். குர்ஆன் பிரதிகளில், ஓதுவதற்காக வகுத்த 60 ஹிஸ்புகளில் (பகுதிகளில்) ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்துக் காட்டும் குறியும் இதே வடிவம்தான். ஆகவே ஓதத் தெரிந்தவர்களின் கண்ணுக்கு இது சிறு வயதிலிருந்தே பழகியது.

இந்த நட்சத்திரத்தை வரிசையாக அடுக்கினால், நான்கு நட்சத்திரங்களுக்கு நடுவே கூர்மையான கைகள் கொண்ட ஒரு சிலுவை வடிவம் தானாகவே உருவாகும். ஈரானின் காஷான் நகரத்துக் கைவினைஞர்கள் 13ஆம் நூற்றாண்டில் நட்சத்திர ஓடுகளையும் சிலுவை ஓடுகளையும் தனித்தனியே சுட்டு, சுவரில் மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். வராமீனில் உள்ள இமாம்சாதா யஹ்யா அடக்கத்தலத்துக்காக அவர்கள் செய்தவற்றில் 1262ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஓடுகள் இன்றும் இருக்கின்றன. நம் கல்லோ சதுரமானது. அதனால் ஒரு முழு நட்சத்திரத்தையும், நான்கு மூலைகளில் நான்கு கால் சிலுவைகளையும் ஒரே கல்லுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு, வரைபடத்தில் சிறு பிழைக்கும் இடம் கொடுக்காது.

வரையத் தொடங்குவதற்கு முன் பட்டறைக்குச் சென்று, கல் வார்க்கும் இரும்புச் சட்டத்தின் உள்ளளவை எடுத்து வாருங்கள். 8 அங்குலக் கல், 10 அங்குலக் கல் என்று பெயர் சொன்னாலும், ஒவ்வொரு பட்டறையின் சட்டமும் ஓரிரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கும். நான் முதன்முதலில் வரைந்த நட்சத்திர அச்சில் பெயர் அளவை நம்பிச் சட்டத்தை அளக்காமல் விட்டேன். வட்டத்தின் ஆரம் 2 மில்லிமீட்டர் குறைந்துபோனது. தனிக்கல்லாகப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. கூடத்தில் இரண்டு வரிசை பதித்த பிறகுதான், தொட்டுக்கொள்ள வேண்டிய முனைகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி நின்றதையும், தனித்தனியாக இருக்க வேண்டிய சிலுவைகள் அந்த இடைவெளி வழியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதையும் கண்டேன். கற்களைப் பெயர்த்தெடுத்து, அச்சை மாற்றி, மறுபடி வார்க்க வேண்டியதாயிற்று.

தடித்த வெள்ளைத் தாளில், சட்டத்தின் உள்ளளவுக்குச் சரியாக ஒரு சதுரம் வரையுங்கள். மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் அது சதுரம். மூலைவிட்டங்கள் வெட்டும் இடமே நடுப்புள்ளி. அதன் வழியே பக்கங்களின் நடுவைத் தொடும் இரண்டு கோடுகளை, ஒன்றைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் இழுங்கள். இப்போது நடுப்புள்ளியில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, நான்கு பக்கங்களையும் தொட்டுச் செல்லும் வட்டத்தைப் போடுங்கள். பென்சில் நன்றாகக் கூர்மையாக இருக்கட்டும். கோட்டின் தடிப்பே அரை மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

அந்த வட்டம், நடுக்கோடுகளை நான்கு இடத்திலும் மூலைவிட்டங்களை நான்கு இடத்திலும் சந்திக்கிறது. நடுக்கோட்டுப் புள்ளிகள் நான்கையும் வரிசையாகச் சேர்த்தால் சாய்ந்த சதுரம் ஒன்று கிடைக்கும். மூலைவிட்டப் புள்ளிகள் நான்கையும் சேர்த்தால் நிமிர்ந்த சதுரம் கிடைக்கும். ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் மற்றதால் மூன்று துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். நடுத்துண்டை அழித்துவிட்டு ஓரத்துண்டுகளை மட்டும் மையால் எழுதுங்கள். எட்டு முனைகளும் பதினாறு விளிம்புகளும் கொண்ட நட்சத்திரம் நிற்கும். பதினாறு விளிம்புகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். கல்லின் பக்க அளவை 0.207 ஆல் பெருக்கினால் அந்த நீளம் வரும். 8 அங்குலக் கல்லுக்கு அது 42 மில்லிமீட்டர், 10 அங்குலக் கல்லுக்கு ஏறத்தாழ 52.5 மில்லிமீட்டர். கவராயத்தை அந்த அளவுக்கு விரித்து ஒவ்வொரு விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். ஒன்று பிசகினாலும் திருத்தம் பார்க்காமல், புதிய தாளில் தொடங்குவதே நல்லது. ஒரு விளிம்பை இழுத்துச் சரிசெய்தால் பிழை பக்கத்து விளிம்புக்குப் போகும்.

மை உலர்ந்த பிறகு மூலைவிட்டங்களையும் நடுக்கோடுகளையும் வட்டத்தையும் ரப்பரால் அழியுங்கள். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று, வரையக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் சொல்வதுண்டு. எட்டு முனைகளையும் அதனதன் இடத்தில் நிறுத்தியது வட்டம். அந்த வட்டம் இப்போது தாளில் இல்லை. நடுவே கவராய முள் குத்திய சிறு துளை மட்டும் எஞ்சியிருக்கிறது. வார்த்தெடுத்த கல்லில் அதுவும் இருக்காது. நம் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் கடைசிவரை கோலத்தோடு நிற்கும், இழை அவற்றைச் சுற்றி வரும். இந்தக் கலையிலோ வரைவதற்குத் துணைநின்றது முழுவதும் விலகிவிட, அதன் ஒழுங்கு மட்டும் தங்குகிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தொடங்கும்போதே, இறையச்சம் உடையோர் மறைவானதை நம்புவார்கள் என்கிறது. நட்சத்திரத்தைப் பார்ப்பவர் வட்டத்தைக் காணமாட்டார். ஆனால் வட்டம் இல்லாமல் இந்த நட்சத்திரம் இப்படி அமைந்திருக்க முடியாது என்பதை, ஒருமுறை தன் கையால் வரைந்தவர் மறக்கமாட்டார். இந்தக் கலையின் ஆன்மிகப் பொருளாக நான் கைப்பழக்கத்தில் உணர்ந்தது இதையே.

உருவம் தீட்டுவதைத் தவிர்க்க வேண்டியிருந்ததால்தான் இந்தக் கோடுகளுக்கு வந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். பள்ளிவாசலில் உருவம் கூடாது என்பது உண்மை. ஆயினும் முஸ்லிம் அரசர்களின் அரண்மனைகளிலும் ஓவியச் சுவடிகளிலும் மனிதரும் குதிரைகளும் தாராளமாக வருகின்றனர். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் 8ஆம் நூற்றாண்டு மொசைக்கில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் இருக்கின்றன. எனவே வடிவவியலை, வேறு வழியில்லாதவர்கள் பிடித்துக்கொண்ட கிளையாக நான் கருதுவதில்லை. ஒன்றிலிருந்து பலவும் பிறந்து, பலவும் அந்த ஒன்றையே சுட்டி நிற்பதை, சொல் இல்லாமலே காட்டவல்ல மொழியாக அதைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதே என் எண்ணம். நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் அங்கே இறைவனின் முகம் இருக்கிறது என்னும் வசனத்தை (2:115) மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தரையின் மேல் நின்று பாருங்கள். எந்தக் கல்லும் மற்றதைவிட முதன்மையானது அன்று; எந்த நட்சத்திரத்தின் மேல் நின்றாலும், பரப்பு முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருப்பதுபோல் தோன்றும்.

இனி அச்சுக்கு வருவோம். நீங்கள் எழுதிய மைக்கோடுகள், பட்டறையில் மெல்லிய தகடுகளாக மாறி, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காதபடி தடுக்கும் வரப்புகள் ஆகின்றன. துடைத்த கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அந்தந்த அறைக்குள் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கியெடுத்தபின், உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். கல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்க, கண்ணாடி விலகி, அதன் பளபளப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. சூளை இதில் கிடையாது. நட்சத்திரத்தின் முனைகள் செங்கோணமாக இருப்பதால் குழம்பு நுனிவரை ஓடி நிரம்பும். பத்துமுனை, பன்னிரண்டுமுனை நட்சத்திரங்களைச் சிறிய அளவில் வரைந்தால், குறுகிய நுனிகளுக்குள் குழம்பு இறங்காமல் வெள்ளையாக நின்றுவிடும். முதன்முதலில் வரைபவர் எட்டோடு நிற்பதே அறிவு.

ஒன்றை மறக்கக்கூடாது. கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. ஆகவே பட்டறையில் மேலிருந்து நீங்கள் பார்க்கும் வடிவம், தரையில் இடம்வலம் மாறித்தான் தெரியும். எளிய நட்சத்திரத்துக்கு இதனால் வேறுபாடு ஒன்றும் இல்லை. ஆனால் விளிம்புகளைப் பட்டைகளாக்கி, ஒன்றன் மேலும் கீழும் மாறிமாறிச் செல்லும் பின்னலாக வரைந்திருந்தால், பின்னலின் சுழற்சி எதிர்த்திசையில் வரும். அதற்காகவே பின்னல் வடிவங்களை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் தெரியும் கோடுகளைத் தகடு வளைப்பவரிடம் கொடுப்பேன்.

நிறத்தில் சிக்கனம் வேண்டும். காஷானின் ஓடுகளில் நீலத்தைக் கோபால்ட்டும் பச்சைநீலத்தைச் செம்பும் தந்தன; நம் கல்லின் செம்மையை இரும்பு ஆக்சைடு தருகிறது, அது செட்டிநாட்டு மண்ணுக்கும் தேக்குத் தூண்களுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. நட்சத்திரம் கல்லின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை எடுத்துக்கொள்வதால், அதற்கு அடங்கிய நிறத்தையும் சிலுவைக்கு அழுத்தமான நிறத்தையும் கொடுப்பேன். நட்சத்திரத்தைச் செங்காவியாக்கினால் கூடம் முழுவதும் கனத்துவிடும். இரண்டு நிறம் போதும். மூன்றாவது வேண்டுமென்றால் ஓரத்துப் பார்டரில் மட்டும் வையுங்கள்.

எங்கே பதிப்பது என்பதில் அழகைவிட மரியாதை முந்த வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, பட்டாலை (கூடம்), வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றிய நடை ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். முற்றத்து வெயில் நகர நகர ஒரு நட்சத்திரம் ஒளிர்ந்து, அடுத்தது அடங்கும். பள்ளிவாசலில் வெளித் தாழ்வாரத்துக்கும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்யும் இடத்துக்குப் போகும் நடைக்கும் இதைக் கொடுப்பேன். தொழுவோரின் பார்வை படியும் இடத்திலும் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் முன்னும் வெறும் நிறக்கல்லையே பரிந்துரைப்பேன். கோடுகள் கொண்ட ஆடையொன்று தொழுகையில் கவனத்தைக் கலைத்ததால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எளிய ஆடையொன்றை நபிகள் நாயகம் கேட்டுவரச் சொன்ன செய்தி, இமாம் புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. இறைவன் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்ற நபிமொழி இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே கைவினைஞர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறைவனின் பெயரோ குர்ஆன் வசனமோ எந்த நிலையிலும் தரைக்கு வரக்கூடாது; கால் படும் இடம் எழுத்துக்கு உரியது அன்று. எழுத்து வேண்டுமென்றால் வாயில் நிலைக்கு மேலோ, சுவரின் மேற்பகுதியிலோ, தக்க எழுத்துக் கலைஞரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். அரபு எழுத்துக்கும் இந்தக் கோலத்தைப் போலவே மறைந்த அளவு உண்டு. 940இல் மறைந்த பாக்தாத் வசீர் (அமைச்சர்) இப்னு முக்லா, பேனா முனை ஊன்றும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு, முதலெழுத்தான அலிஃபின் உயரத்தையும், அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தால் மற்ற எழுத்துகளின் வளைவையும் வகுத்தார் என்பது எழுத்துக்கலையின் மரபு. அந்த அளவு தெரியாமல் கணினி எழுத்துருவை இழுத்து நீட்டி அச்சாக்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

பதிக்கும் நாளில் சுவரோரத்தில் தொடங்காதீர்கள். கூடத்தின் நடுவில் இரண்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அவை வெட்டும் இடத்தில் நான்கு கற்களின் மூலைகளைச் சேருங்கள். முதன்முதலில் முழுமையாகத் தெரிவது ஒரு சிலுவை வடிவமாக இருக்கும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்து, ஒவ்வொரு கல்லுக்கும் நட்சத்திர முனைகள் பக்கத்துக் கல்லின் முனையைத் தொடுகின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகே அடுத்த கல்லை எடுங்கள். இரண்டு ஓரங்களிலும் வெட்டு சமமாக விழும். ஓரத்தில் பாதி நட்சத்திரம் நிற்பதைப் பலர் குறையென்று எண்ணிப் பார்டரை அகலமாக்கி மறைக்கச் சொல்வார்கள். நான் அதைப் பாதியாகவே விடச் சொல்வேன், ஏனென்றால் சுவர் வந்ததால் கண்ணுக்கு நின்ற கோலம் சுவருக்கு அப்பாலும் தொடர்கிறது என்பதை அந்தப் பாதி நட்சத்திரமே சொல்கிறது.

தரை நன்றாகக் காய்ந்தபின் ஆசிட் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள்; அது சிமெண்டை அரித்து, கண்ணாடி தந்த பளபளப்பைப் போக்கிவிடும். சில துளித் தேங்காயெண்ணெய் விட்ட ஈரத் துணியால் துடைத்துவர, நடமாட்டத்திலேயே கல் மெருகேறும்.