'போல' இருந்தா உவமை அணின்னு எழுதிடலாமா?

அணி, அதாவது பாட்டுக்கு அழகு சேர்க்குற உத்தி, பத்தி கேள்வி வந்ததும் பசங்க பாட்டுல முதல்ல தேடுறது 'போல' எங்க இருக்குன்னு தான், இருந்துட்டா உவமை அணி, இல்லன்னா வாய்க்கு வந்த பேரு. பாதி மார்க் போறது இதுலதான். அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்துல பொருளணி (அர்த்தத்த வெச்சு அமையுற அணி) மட்டும் 35 இருக்கு, அத்தனையும் மனப்பாடம் பண்ண வேணாம், பாட்ட படிச்சதும் கவிஞர் எதை வெளிய சொல்லிருக்காரு எதை மறைச்சிருக்காருன்னு மட்டும் பாருங்க.

'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' குறள்ல எல்லாமே வெளிய இருக்கு. தன்னை தோண்டுறவனையே தாங்குற நிலம் உவமை, திட்டுறவன பொறுத்துக்கிறது பொருள், நடுவுல 'போல'. நேரான உவமை அணி. 'அகர முதல எழுத்தெல்லாம்' எடுத்துக்கோங்க, அங்கயும் உவமை இருக்கு பொருளும் இருக்கு ஆனா 'போல' மட்டும் காணோம், ரெண்டு வாக்கியத்த பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு போயிட்டாரு. அது எடுத்துக்காட்டு உவமை அணி.

அடுத்து 'பீலிபெய் சாகாடும்'. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல ஏத்தினா வண்டி அச்சு முறிஞ்சிடும்னு சொல்லி முடிச்சுடறாரு, மேட்டர் என்னன்னு சொல்லவே இல்ல. இது வலியறிதல் அதிகாரம்ங்கறதால, சின்ன சின்ன எதிரிங்க ஒண்ணா சேர்ந்தா பலசாலியும் விழுவான்னு நாமளா புரிஞ்சுக்கணும். உவமைய மட்டும் சொல்லி பொருள மறைச்சா பிறிது மொழிதல் அணி. இந்த மூணும் பிரிச்சு பார்க்க வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

உருவகத்துக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கு, வார்த்தைய திருப்பி போட்டு பாருங்க. மலர்முகம்னா மலர் மாதிரி முகம், அது உவமை. முகமலர்னா முகமே மலர்தான், அது உருவகம்.

இப்ப 'போல' நம்மள ஏமாத்துற இடத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரை பக்கம் வரும்போது கோட்டைக் கொடிங்க 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட'ன்னு வரும். 'போல்' இருக்கு, ஆனா இது உவமை அணி இல்லங்க. கொடி காத்துல ஆடுது, அவ்ளோதான், அதுக்கு 'உள்ள வராதீங்க'ன்னு தடுக்குறதா ஒரு காரணத்த இளங்கோவடிகள் தானா ஏத்தி சொல்றாரு. இயல்பா நடக்குறதுமேல கவிஞர் தன் குறிப்ப ஏத்தினா தற்குறிப்பேற்ற அணி. எனக்கு ரொம்ப பிடிச்ச அணி இதுதான், அந்த ஊர்ல கோவலனுக்கு என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சு படிச்சா ஒரு மாதிரி ஆயிடும்.

'தேவர் அனையர் கயவர்' குறள்லயும் இதே கதை. 'அனையர்'னாலும் போலன்னு தான் அர்த்தம், ஆனா தேவரும் கயவரும் இஷ்டத்துக்கு நடக்குறவங்கன்னு சொல்லி வள்ளுவர் புகழுற மாதிரியே கயவர திட்டுறாரு, அதனால வஞ்சப்புகழ்ச்சி அணி.

பரீட்சையில அணி பேரு மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க, இலக்கணம் ஒரு வரி, அது இந்தப் பாட்டுல எப்படி பொருந்துதுன்னு அணிப்பொருத்தம் ரெண்டு வரி எழுதினாதான் முழு மார்க் எதிர்பார்க்கலாம்.