மலையிலிருந்து இறங்கிய பிறகு: விசுவாச வாழ்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் மூன்று நாள் காத்திருப்புக் கூட்டம் (ஜெப ரிட்ரீட்) முடிந்து வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாட்டு நிற்கவில்லை. அன்று காலை ஆராதனையில் அழாதவர் எங்களில் யாருமில்லை. அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிய டிரைவர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், மத்தியானம் கிளம்பலாம்னு சொன்னீங்க, மணி ஆறாயிடுச்சுங்க. பேட்டா ஒரு முந்நூறு சேர்த்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

பாட்டு நின்றது. "பேசினது பேசினதுதான் தம்பி" என்று சொன்னவன் நான். குழுவின் பணம் என்னிடம்தான் இருந்தது. ஐந்து நிமிடம் வாதாடி நூறு ரூபாயில் முடித்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்று நாளும் நாங்கள் தேவனுக்குக் காத்திருந்தோம். அந்த மூன்று நாளும் டிரைவர் தம்பி எங்களுக்காக வெளியே காத்திருந்தார். ராத்திரிக் குளிரில் வண்டியிலேயே படுத்திருந்தார். அவர் சாப்பிட்டாரா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. என் கையிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்றுக்காக இப்போது யார் காத்து நிற்கிறார்? கீழே எழுதியிருக்கிற தவறுகளை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கேள்விதான். பாதி நானே செய்தவை. மீதி, நம் சபைகளில் பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போனவை.

மலைமேல் கிடைக்கிற பரவசத்தையே விசுவாசம் என்று எடுத்துக்கொள்வது அதில் முதலாவது. மாற்கு 9-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். மலையில் இயேசுவின் ரூபம் பிரகாசித்ததைக் கண்ட பேதுரு, மூன்று கூடாரம் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்கிறார். இயேசு கூடாரம் போடவிடவில்லை, இறங்கி வந்தார். கீழே ஒரு தகப்பன் காத்திருந்தான். அவன் மகன் சிறு வயதிலிருந்தே தரையில் விழுந்து நுரை தள்ளிக்கொண்டிருந்தான். மற்ற சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை. அவர்களைச் சுற்றி வேதபாரகரோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மலையும் அடிவாரமும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ரிட்ரீட்டுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நானும் போகிறேன். ஆனால் திரும்பி வந்த முதல் நாள் வீட்டிலும் வேலையிலும் எப்படி இருந்தோம் என்று நம்மோடு இருக்கிறவர்களைக் கேட்டால்தான் போய்வந்ததன் பலன் தெரியும்.

அடுத்தது, என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். சிறிய பட்டறை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எங்கள் பிழைப்பு முழுக்கத் தராசைச் சுற்றித்தான். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவோம். நடுவில் குறைகிறதில் சேதாரம் என்று ஒரு அளவைக் கழிப்போம். அதற்கு மேல் குறைந்தால் வேலை செய்தவர் கணக்கில் ஏறும். எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம், காற்று பட்டால் எண் ஆடும். அவ்வளவு கவனம்!

அந்தக் கவனத்தோடுதான் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். வெள்ளி கொடுக்கும்போது புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்ணை மேலே ஏற்றி எழுதுவேன், திரும்ப வாங்கும்போது அதே எண்ணைக் கீழே இறக்கி எழுதுவேன். முழு எண்ணாக எழுதினால் கணக்கு சுலபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஆளிடம் ஒரு நாளைக்கு அரை கிராம் என்றால் ஆறு பேருக்கு மூன்று கிராம். மாதம் இருபத்தைந்து நாளுக்கு எழுபத்தைந்து கிராம் வெள்ளி. யார் காலிலும் ஏறாத ஒரு கொலுசை மாதாமாதம் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சரியான தராசும் சரியான நிறைகல்லும் வைத்திருக்கச் சொல்லும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். அது என் பட்டறைத் தராசைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சபையில் செய்வது ஊழியம், பட்டறையில் செய்வது உலக வேலை என்று மனசுக்குள் ஒரு சுவர். இப்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை இருக்கிறபடியே எழுதுகிறோம். வேலை செய்கிறவர்களும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

கூலி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எங்களுக்குக் கூலி நாள் சனிக்கிழமை. ஒரு சனிக்கிழமை, கடைக்காரரிடமிருந்து பணம் வரவில்லை என்று சொல்லி, கொலுசு பற்றவைக்கிற அண்ணனுக்கு மட்டும் "திங்கக்கிழமை வாங்கிக்கங்கண்ணே" என்றேன். அவர் எதுவும் கேட்கிற ஆள் இல்லை, அதனால்தான் அவரிடம் சொன்னேன். மறுநாள் பட்டறை ஆரம்பித்து எட்டு வருடம் நிறைவானதற்காக ஐயாயிரம் ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். ஆராதனையில் பெயரை வாசித்தார்கள். மத்தியானம் வீட்டு கேட்டில் அந்த அண்ணனுடைய மனைவி நின்றிருந்தார்கள். "தம்பி, கேஸ் தீர்ந்திடுச்சு. ஒரு ஆயிரம் இருந்தா குடுங்க, கணக்குல கழிச்சுக்கலாம்." கழிப்பதற்கு என்ன இருந்தது? அவர்கள் வீட்டுப் பணம்தானே என்னிடம் இருந்தது. அவர்கள் கடன் கேட்பதுபோல் கேட்டார்கள், நானும் கடன் கொடுப்பதுபோல் உள்ளே போய் எடுத்துவந்தேன்.

கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பொழுது போகுமுன்னே கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24:15 காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலி தானாகவே கூக்குரலிடுகிறது. அந்தச் சத்தம் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது. ஆலயத்தில் என் பெயர் வாசிக்கப்பட்ட நேரத்தில் அந்தச் சத்தமும் அங்கே இருந்திருக்கிறது. பட்டறைக் கூலி மட்டுமல்ல, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளமும், காபித் தோட்டத்தில் பழம் பறிக்க வருகிற மலைவாழ் மக்களின் நாட்கூலியும், காய்கறிக்காரரிடம் வைத்த பாக்கியும் எல்லாம் இதில் அடக்கம். காணிக்கைக் கவரில் பணம் வைக்கும் முன் இவற்றைத் தீர்த்துவிடுங்கள்.

வாக்குத்தத்த வசனத்துக்கு வருவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருஷத்துக்கான வாக்குத்தத்தம் என்று வசனம் எழுதிய அட்டையை ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் எரேமியா 29:11 வந்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்: நம்மேல் தேவன் வைத்திருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகள். இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு கட்டுவோம், கல்யாணம் ஆகும் என்று அதை எடுத்துக்கொள்கிறோம். அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியனுப்பிய கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தான். எரேமியாவின் கடிதம் எழுபது வருடம் என்கிறது. கடிதத்தைப் படித்தவர்களில் வயதில் பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை உள்ள வசனங்கள் சொல்கின்றன.

பதினோராம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது அனனியாவின் செய்தி ஆகிவிடுகிறது. ஜூன் மாதம் வந்தும் வேலை கிடைக்காத பிள்ளை, "தேவன் என்னை மட்டும் மறந்துட்டார்"னு ஒதுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அட்டை எடுப்பதில் தப்பில்லை. எடுத்த ராத்திரியே வேதத்தைத் திறந்து, முந்தைய பத்து வசனத்தையும் பிந்தைய பத்து வசனத்தையும் வாசித்துவிட்டுத் தூங்குங்கள். ஏழாம் வசனத்தை நினைத்தால் சேலமும் எனக்கு ஜெபக்குறிப்பு ஆகிறது. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது மாநகராட்சிக்கு மனு எழுதி எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். அதை ஊழியம் என்று நினைக்கவே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நோயாளியிடம் "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்வதை உடனே நிறுத்தவேண்டும். இதில் எனக்குக் கோபமே உண்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனத்துக்குப் பவுல் கைவைத்தியம் சொல்கிறார். உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தன்னோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். இவர்களில் யாரையும் விசுவாசம் குறைந்தவர் என்று அவர் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறவருக்கு நம் விளக்கம் தேவையில்லை. ராத்திரி கூட இருக்க ஒரு ஆள், பிளாஸ்கில் கொஞ்சம் கஞ்சி, சின்ன ஜெபம், இவை போதும்.

குடும்ப ஜெபத்தில் மருமகளைக் குத்திக்காட்டுவதும் இருக்கிறது. "ஆண்டவரே, இந்த வீட்டில் பொறுமையில்லாதவர்களுக்குப் பொறுமையைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அவள் எப்படிப் பதில் சொல்லுவாள்? நேரில் சொல்லத் தைரியமில்லாததை ஜெபத்தில் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆடிப் பண்டிகைக்குக் கொண்டுவருகிற படையல் சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரமும் ரோமர் 14-ஆம் அதிகாரமும் இதை அவரவர் மனசாட்சிக்கு விடுகின்றன, பலவீனமான சகோதரனை இடறவிடாதே என்ற ஒரு எச்சரிக்கையோடு. சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தவேண்டாம். சாப்பிடாவிட்டால் கும்பிட்டு மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த அம்மா கண் முன்னால் முகம் சுளிப்பதுதான் தவறு. கிறிஸ்துமஸ் அன்று நம் கேக்கை அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

சாதி. லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் சேலத்துக்கு வந்தது 1827-ல். ஆறு வருடம் கழித்து, 1833-ல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: சபையில் சாதி வேற்றுமையை உடனே, முழுவதுமாக விட்டுவிடவேண்டும். இருநூறு வருடம் நெருங்குகிறது. இன்றும் வரன் பார்க்கும்போது "இரட்சிக்கப்பட்டிருக்கணும்" என்பது முதல் வரி, "நம்ம ஆளுங்களா இருக்கணும்" என்பது இரண்டாவது வரி. முதல் வரி எவ்வளவு உண்மை என்று இரண்டாவது வரி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். பெண் கேட்டு வந்தால் மட்டும் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். என் மகளுக்குப் பார்க்கும்போது அந்த இரண்டாவது வரியை எழுதமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சொந்தத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காக ஜெபிக்கிறேன், ஆனால் அந்த வரி வராது.

இன்னும் ஒரு தவறு உண்டு: தப்பை உணர்ந்த பிறகு தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாம் யாருக்குத் தப்பு செய்தோமோ அவரை அப்படியே விட்டுவிடுவது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். ஆகவே பணம் சம்பந்தப்பட்ட தவறென்றால் பணத்தோடு போங்கள். போகும்போது "ஆனா, அன்னிக்கு எனக்கும் கஷ்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். மனைவி மக்களையோ ஆயரையோ சாட்சிக்குக் கூட்டிப்போகாதீர்கள், தனியாகப் போங்கள். அவர் மன்னிக்க நேரம் எடுத்தால் அது அவருடைய உரிமை.

அந்தப் பற்றவைக்கிற அண்ணன் வீட்டுக்கு நான் போனது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. பழைய நோட்டுகளில் பார்த்துக் கணக்குப் போட்ட எடைப் பாக்கியைக் கவரில் வைத்து எடுத்துப்போனேன். புள்ளிக்குப் பின்னால் நான் செய்ததை விவரமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் தம்பி" என்றார். "நானும் வீட்ல ஒரு நோட்டு வச்சிருக்கேன்." எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்தார். என் கணக்கைவிட அவர் கணக்கில் பதினோரு கிராம் கூட இருந்தது. அவர் கணக்குப்படியே கொடுத்தேன்.

வேன் டிரைவர் தம்பியின் நம்பர் என்னிடம் இல்லை. வண்டி ஏற்பாடு செய்தவரிடம் கேட்டிருக்கிறேன். இருநூறு ரூபாயைத் தனியாக மடித்து, வேதப் புத்தகத்தில் மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறேன்.