வயதான நாயின் கடைசி நாட்கள்: வீட்டில் செய்ய வேண்டியவை

பன்னிரண்டு, பதினான்கு வயதான நாய். சிறுநீரகம் கெட்டுவிட்டது, மருந்தால் இனிப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதற்கு மேல் வீட்டாருக்கு இருக்கும் வேலை அதை நோவில்லாமல் வைத்துக்கொள்வதும், எப்போது போதும் என்று முடிவெடுப்பதும்தான். அந்த முடிவைப் பல வீடுகளில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். நாய் பாவம், இழுத்துக்கொண்டு கிடக்கும்.

தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கு உயிரான விஷயங்கள் மூன்றை முதலில் எழுதுங்கள்: பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுவது, தயிர்ச்சோறு, மாலையில் தெருமுனை வரை நடப்பது, இப்படி. இரவு படுக்கப் போகும்போது அன்றைய தாளில் நல்ல நாளா கெட்ட நாளா என்று குறியுங்கள். மூன்றில் இரண்டு போய்விட்டால், கெட்ட நாட்கள் தொடர்ந்து வந்தால், மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசும் நேரம் வந்துவிட்டது.

இன்னும் துல்லியமாகப் பார்க்க, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த மதிப்பெண் முறை உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் அதிகம், மோசமானால் குறைவு. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். மூச்சுத்திணறலையும் வலி என்ற தலைப்பிலேயே சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுவது நல்லது, ஏனென்றால் அதிகப் பாசம் உள்ளவர் கை தாராளமாகத்தான் போடும். வாலாட்டுவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். உயிர் போகிற வலியிலும் நம் குரல் கேட்டால் நாய் வாலை ஆட்டும்.

வலி வந்தால் நாய் கத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெயில் இல்லாமலே நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது, இரவெல்லாம் படுக்காமல் உட்கார்ந்தே இருப்பது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது எல்லாம் வலிதான். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் காத்திருக்கவே கூடாது. நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் கை வைக்காதீர்கள். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போகலாம்.

எழ முடியாத நாய்க்குப் படுக்கைதான் பாதி வைத்தியம். அடியில் மெத்தை அல்லது நாலாக மடித்த கம்பளி, அதன் மேல் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட், எல்லாவற்றுக்கும் மேலே பழைய பருத்திச் சேலை. ரப்பர் நேராகத் தோலில் படக்கூடாது, வெந்து போகும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். முழங்கை, தோள்பட்டை, இடுப்பெலும்பு ஆகிய மூன்று இடங்களில்தான் முதலில் புண் விழும். நம் ஊர் வெக்கையில் பெரிய ஆபத்து ஈ. மூத்திரத்தில் நனைந்த ரோமத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலடி, பின்தொடை ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்து, பகலிலும் கொசுவலை போடுங்கள்.

சோறு வேண்டாம் என்றால் வாயில் திணிக்காதீர்கள். உடல் மூடிக்கொண்டு வரும்போது பசியும் போய்விடும். விழுங்கும் தெம்பு இருக்கும்வரை, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகத் தண்ணீர் விடலாம். தலையைச் சற்று உயர்த்தி, ஒரு மில்லி விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. நினைவு தப்பிய பிறகு எதையும் ஊற்றக்கூடாது. உயிர் பிரியும் நேரத்தில் மனிதர்களுக்குச் செய்வதுபோல் வாயில் பால் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். அந்தப் பால் நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். ஒரு விரலைப் பாலில் நனைத்து ஈறில் தடவச் சொல்லுங்கள். அவர்கள் மனமும் ஆறும், நாய்க்கும் கெடுதல் இல்லை.

வலியில்லாமல் உயிரை முடிக்கும் ஊசி (கருணைக்கொலை) போட முடிவெடுத்தால், மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது: "முதலில் மயக்க ஊசி போடுவீர்களா?" முறையாகச் செய்பவர் மயக்கம் கொடுத்து, நாய் தன்னை மறந்த பிறகே நரம்பில் மயக்க மருந்தை அளவு மீறி ஏற்றுவார். பென்டோபார்பிட்டல் அல்லது தயோபென்டோன் பயன்படும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். நினைவோடு இருக்கும் நாயின் நெஞ்சில் நேராகக் குத்துவதற்குச் சம்மதிக்காதீர்கள். மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். வரமாட்டார் என்றால் மாட்டாஸ்பத்திரியில் கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுப் போங்கள். சில மயக்க மருந்துகளுக்கு வாந்தி வரும், அதனால் பிடித்த சாப்பாட்டை முந்தின வேளையே கொடுத்துவிடுங்கள்.

உள்ளே நிற்கப்போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகலாம். நாய் திரும்பி உயிர்பெறுகிறது என்று இதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுச் சொல்லும்வரை தலையில் கை வைத்தபடி, வழக்கமாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக்கொண்டிருங்கள்.

உடல் சில மணி நேரத்தில் விறைக்கும். அதற்குள் தூங்குவதுபோல் கால்களை மடக்கி, வாலடியில் துணி வைத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். உடனே புதைக்க முடியாவிட்டால் ஐஸைத் துணியில் பொதிந்து வயிற்றை ஒட்டி வையுங்கள். பெரிய நாய்க்கு நாலடி ஆழம் வேண்டும். கட்டித் தரை என்றால் தோண்டவே அரை நாள் ஓடிவிடும், ஆளை முந்தின நாளே சொல்லி வையுங்கள். கிணறு, போர்வெல் பக்கமும் மழைநீர் தேங்கும் இடமும் வேண்டாம். பிளாஸ்டிக் பையோடு புதைத்தால் மக்காது. மண் மூடிய பிறகு மேலே கற்களை அடுக்குங்கள். தெருநாய் தோண்டாமல் இருக்க மட்டுமல்ல, ஊசி மருந்து உடலில் இருந்தால் தின்னும் பிராணியும் சாகலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள், தகனத்துக்கோ அடக்கத்துக்கோ எங்கே வசதி என்று மாநகராட்சியிடமும் மருத்துவரிடமும் முன்பே விசாரித்து வையுங்கள்.

திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இறந்த நாய் என்றால் இது எதுவும் பொருந்தாது. வெறிநோயாக இருக்கலாம். வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கடிபட்டவர்களும், காயத்திலோ வாயிலோ எச்சில் பட்டவர்களும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளிடம் "தூங்க வைத்துவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படும். "செத்துப்போச்சு, இனி வராது, வலி இல்லை" என்று சொன்னால் புரிந்துகொள்ளும். அழுதால் கூட அழுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் புதைக்கும் முன் உடலை மோந்து பார்க்க விடுங்கள். சில நாள் வாசலையே பார்த்துக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கும். இரண்டு நாளைத் தாண்டியும் சாப்பிடவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். போன நாயின் படுக்கைத் துணியை உடனே துவைக்க வேண்டாம், அது அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.