பார்சல் பர்கர் கடையின் ரிவியூக்களை எப்படிப் படிப்பது?

நமக்கு வேண்டியதை நாமே தேர்ந்தெடுத்துப் பார்சல் வாங்கும் பர்கர் கடைகளின் ரிவியூக்களைப் படிப்பதில், மற்ற உணவகங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஓட்டலின் மசாலா தோசையைப் பற்றி இருவர் எழுதினால், இருவரும் ஏறக்குறைய ஒரே பண்டத்தைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். இங்கே அப்படியில்லை. 1986இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கி, 2013இல் லண்டனுக்கும் வந்த ஃபைவ் கைஸ் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே கூடுதல் கட்டணம் இல்லாமல் 15 டாப்பிங்குகள் வரை, அதாவது பர்கருக்குள் சேர்க்கும் காய், சாஸ் போன்றவற்றை, கேட்டு வாங்கலாம். ஒவ்வொன்றையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியும் என்பதால், அவற்றைக் கொண்டு மட்டுமே 32,768 விதமாக ஒரு பர்கரை அமைக்கலாம். ஒருவர் ஐந்து ஸ்டாரும் இன்னொருவர் ஒரு ஸ்டாரும் கொடுத்திருந்தால், இருவரும் சாப்பிட்டது ஒரே பர்கராக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எனவே ஒவ்வொரு ரிவியூவையும் படிக்கும்போது, குறை கடையின் கையில் இருந்ததா, வாங்கியவரின் தேர்வில் இருந்ததா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இறைச்சி வெந்த பக்குவம், பன்னின் புதுமை, கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்களா என்பது, காத்திருந்த நேரம், பொட்டலம் கட்டிய விதம் ஆகியவை கடையின் பொறுப்பு. எந்த சாஸ், எத்தனை சாஸ், தக்காளியா காளானா என்பதெல்லாம் வாங்குபவரின் விருப்பம். "சுவையே இல்லை" என்ற ஒற்றை வரியிலிருந்து நமக்கு எதுவும் கிடைக்காது. "வெங்காயம் வேண்டாம் என்று சொல்லியும் வைத்திருந்தார்கள்" என்ற வரி, அதுவும் வெவ்வேறு மாதங்களில் நான்கைந்து பேர் எழுதியிருந்தால், கடையைப் பற்றி நிறையவே சொல்கிறது. இத்தகைய கடைகளில் ஆர்டர் தவறாகப் போவதைத்தான் மிகப் பெரிய குறையாக நான் கருதுகிறேன், ஏனென்றால் கேட்டபடி கிடைக்கும் என்பதற்காகத்தான் நாம் அங்கே போகிறோம்.

மூன்றாவதாக, வழியில் கழிந்த நேரம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டருகே உள்ள ஒரு கடையில், தக்காளியும் வதக்கிய காளானும் இரண்டு வகை சாஸும் சேர்க்கச் சொல்லி ஒரு முறை பார்சல் வாங்கினேன். இருபது நிமிடம் கழித்து அலுமினியத் தாளைப் பிரித்தபோது அதன் உட்புறம் முழுவதும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அடிப்பக்கத்து பன் ஊறி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பொரித்த உருளைக்கிழங்கு துவண்டு கிடந்தது. கடையைக் குறை சொல்லி எழுதத் தொடங்கிய பிறகுதான், ஈரம் விடும் பொருட்களாகவே நான் கேட்டிருந்ததும், சூடான பொட்டலத்தை இறுக்கி மூடியபடியே எடுத்து வந்ததும் நினைவுக்கு வந்தன. அடுத்த முறை சாஸைத் தனிக் கிண்ணத்தில் வாங்கி, பையின் வாயைத் திறந்தே வைத்துக் கொண்டுவந்தேன். அதே கடையின் பர்கர் நன்றாக இருந்தது. "ஊறிப்போய் இருந்தது" என்ற குறையைப் படிக்கும்போது, அவர் எவ்வளவு தூரம் எடுத்துச் சென்றார், டெலிவரி ஆள் கொண்டுவந்தாரா என்று தேடிப் பாருங்கள். கடையிலேயே நின்று சாப்பிட்டவரும் அதையே சொன்னால்தான் அது கடையின் குறை.

விலையைப் பற்றிய புலம்பல்களை மெனுவோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஃபைவ் கைஸில் வெறுமனே 'ஹாம்பர்கர்' என்று கேட்டால் இரண்டு இறைச்சித் துண்டுகள் வைத்தது வரும். ஒன்று போதுமென்றால் 'லிட்டில்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை அறியாமல் ஆர்டர் செய்தவர் விலையைக் கண்டு அதிர்ச்சியடைவது இயல்பே. அதேபோல அங்கே 'வெஜ்' என்ற பெயரில் கிடைப்பது பன்னுக்குள் வைத்த காய்களே தவிர, காய்கறிக் கட்லெட் அல்ல. நம்மில் சைவம் உண்பவர்கள் இந்த வகை ரிவியூக்களைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். இறைச்சி வாட்டும் அதே கல்லில்தான் காய்களையும் வதக்குகிறார்களா என்று கடையில் நேரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் எந்த ரிவியூவையும் நம்பக் கூடாது. ஃபைவ் கைஸ் உருளைக்கிழங்கைக் கடலை எண்ணெயில்தான் பொரிக்கிறது. கடலை ஒவ்வாதவருக்கு, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று வேறொருவர் எழுதியது எந்தப் பாதுகாப்பும் தராது. சுத்தமும் அப்படித்தான். பிரிட்டனில் இருப்பவர்கள், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் அதிகாரிகள் சோதித்து 0 முதல் 5 வரை வழங்கும் உணவுச் சுகாதார மதிப்பெண்ணைப் பார்க்கலாம். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதைக் கடை வாசலில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சராசரி ஸ்டாரை விட்டுவிட்டு, புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திக்கொண்டு, இரண்டு முதல் நான்கு ஸ்டார் வரை கொடுத்தவர்களைப் படியுங்கள். நிறையையும் குறையையும் சேர்த்து எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒரே வாரத்தில், ஒரே மாதிரிச் சொற்களில், என்ன சாப்பிட்டோம் என்றே சொல்லாமல் குவியும் பாராட்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீங்களே எழுதும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்ததையும் நேரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இப்படி எழுதினால் போதும்: "வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. ஒற்றை இறைச்சி, சீஸ், வதக்கிய வெங்காயம், கடுகு சாஸ். பதினெட்டு நிமிடம் காத்திருந்தேன். கேட்டது எல்லாம் சரியாக இருந்தது. பத்து நிமிடத்தில் வீட்டில் சாப்பிட்டேன். பன் உறுதியாக இருந்தது, இறைச்சியின் ஓரம் சற்றுக் காய்ந்திருந்தது."