பசங்களுக்கு பிரபஞ்சத்தோட கடைசிய காட்டுறது எப்படி: ஏற்காட்டுல ஒரு ராத்திரி, அரை மீட்டர் எலாஸ்டிக், ஒரு கிண்ணம் அரிசி மாவு

நான் வாத்தியாரும் இல்ல விஞ்ஞானியும் இல்ல, சேலத்துல கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். அக்கா பசங்க ரெண்டு பேரு பொங்கல் லீவுக்கு வருவாங்க, வந்ததுல இருந்து "மாமா உலகம் எப்ப அழியும், எப்படி அழியும்"னு ஒரே நச்சரிப்பு. மூணு வருஷமா அவங்கள ஏற்காடு கூட்டிட்டுப் போயி ராத்திரி வானத்த காட்டி சொல்லிட்டு வரேன், முதல் வருஷம் சொதப்பல், ரெண்டாவது வருஷம் ஒரே பனிமூட்டம், மூணாவது வருஷம்தான் ஒழுங்கா வந்துச்சு. உங்க வீட்டுலயும் இப்படி கேக்குற பொடுசுங்க இருந்தா எப்படி பண்ணலாம்னு எழுதுறேன்.

நாள் பாக்குறதுதான் முதல் வேலை. தை அமாவாசைய ஒட்டி ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன வச்சுக்கோங்க, நிலா இருந்தா ஒண்ணும் வேலைக்கு ஆகாது. இடம், லேடீஸ் சீட் வேணாம். அங்க இருந்து கீழ சேலம் லைட்டு பாக்க அவ்ளோ அழகு, ஆனா நமக்கு அந்த வெளிச்சம்தான் எதிரி. தெரிஞ்சவங்க யாராவது காபி தோட்டம் வச்சிருந்தா அவங்க காபி காயப்போடுற களத்த கேளுங்க, சமதளமா இருக்கும், மேல மரம் மறைக்காது, பகல் பூரா வெயில் வாங்குன சிமெண்ட் தரை ராத்திரி எட்டு மணி வரைக்கும் கதகதன்னு இருக்கும். ஸ்வெட்டர் மறந்துடாதீங்க. டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடிப் பேப்பர் கட்டிடுங்க, செல்ஃபோன எல்லாம் வாங்கி பையில போட்டுடுங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும், ஒரு தடவ ஸ்கிரீன பாத்தா மறுபடி முதல்ல இருந்து. தட்டுவடை செட்டு கொண்டு போறதா இருந்தா சட்னி, பீட்ரூட், கேரட்ட தனித்தனியா கட்டிக்கிட்டுப் போங்க, சேலத்துலயே செட்டு போட்டு வாங்கிட்டுப் போனா இருபதாவது கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள நமத்துப் போயிடும்.

களத்துக்கு வந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளர்ல சுடச்சுட காபி ஊத்தி தரையில வச்சிடுங்க. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க. ஏன்னு கேப்பாங்க, அப்புறம் சொல்றேன்னு விட்டுடுங்க.

ஏழரை மணிக்கு வானத்துல நமக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். தலைக்கு நேரா கொஞ்சம் வடக்கால கார்த்திகை, குட்டியா கொத்தா தெரியும், அது பிறந்து பத்து கோடி வருஷம்தான் இருக்கும், நட்சத்திரக் கணக்குல கைக்குழந்தை. அதுக்குப் பக்கத்துல ஆரஞ்சு நிறத்துல ரோகிணி, வயசாகி ஊதிப்போன நட்சத்திரம். நம்ம சூரியனும் இன்னும் 500 கோடி வருஷம் கழிச்சு அப்படித்தான் ஊதும். கிழக்கால திருவாதிரை, செக்கச்செவேல்னு இருக்கும், அது கடைசிக் காலத்துல இருக்குது, 2019 கடைசியில திடீர்னு மங்கிப்போயி வெடிக்கப் போகுதுன்னு ஊரே பேசுச்சு, கடைசில பாத்தா அது கக்குன தூசியே அத மறைச்சிருக்கு. அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருஷம் கூட ஆகலாம். இந்த மூணையும் காட்டிட்டா பிறப்பு, முதுமை, சாவுன்னு நட்சத்திரத்துக்கும் உண்டுன்னு நீங்க சொல்லவே வேணாம், அவங்களே சொல்லுவாங்க.

அப்புறம் தென்கிழக்கால பளிச்சுன்னு சிரியஸ். அதுக்கு ஒரு துணை இருக்கு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பூமி சைஸு, ஆனா சூரியன் அளவு எடை, வெள்ளைக் குள்ளன்னு பேரு. இங்கதான் எனக்கு என் பட்டறை கை கொடுத்துச்சு. அடுப்ப நிறுத்துன பிறகு மூசைய, அதான் வெள்ளி உருக்குற கிண்ணத்த, பாத்திருக்கீங்களா, தீ இருக்காது ஆனா செவசெவன்னு இருக்கும், அப்புறம் மெதுவா கருத்துப் போயி கை வைக்கிற சூட்டுக்கு வரும். வெள்ளைக் குள்ளன் அதேதான், உள்ள எரியிறது நின்னு போச்சு, மிச்ச சூடு மட்டும் ஆறிக்கிட்டு இருக்கு. முழுசா ஆறிப்போன ஒண்ணு கூட இன்னும் பிரபஞ்சத்துல கிடையாது, அதுக்கு ஆகுற நேரம் பிரபஞ்சத்தோட வயசான 1380 கோடி வருஷத்த விட ரொம்ப அதிகம். எவ்ளோ எடை வரைக்கும் ஒரு நட்சத்திரம் இப்படி அடங்கும்னு கணக்கு போட ஆரம்பிச்சது நம்ம விஞ்ஞானி சந்திரசேகர், 1930ல சென்னையில படிச்சு முடிச்சிட்டு இங்கிலாந்துக்கு கப்பல்ல போகும்போது, பத்தொன்பது வயசு. சூரியன மாதிரி 1.4 மடங்குதான் எல்லை. நோபல் 1983ல கொடுத்தாங்க, அம்பத்து மூணு வருஷம் கழிச்சு. இத சொன்னா அக்கா பையன் "அப்ப நான் பரீட்சைல தோத்தாலும் பரவால்லல்ல"ங்குறான், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ.

இப்ப எலாஸ்டிக். தையல் சாமான் கடையில பாவாடைக்குப் போடுற பட்டை எலாஸ்டிக் அரை மீட்டர் வாங்கி, 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணா சட்டை பட்டன் தச்சுக்கோங்க. பட்டன் ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த ஒரு கூட்டம். ஒரு பையன் ஒரு முனைய புடிக்கட்டும், இன்னொருத்தர் நீளம் ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும் இழுக்கட்டும். 10ல இருந்த பட்டன் 20க்குப் போகும், 30ல இருந்தது 60க்குப் போகும், ஒரே நேரத்துல ஒண்ணு 10 நகருது இன்னொண்ணு 30 நகருது. தூரமா இருக்குறது வேகமா ஓடுதுன்னு ஹப்பிள்ங்குற வானியல் விஞ்ஞானி 1929ல சொன்னது இதான். நடு பட்டன்ல உக்காந்து பாத்தாலும் எல்லாரும் நம்மள விட்டு ஓடுற மாதிரிதான் இருக்கும், மையம்னு ஒண்ணு கிடையாது. முக்கியமா காட்ட வேண்டியது, எலாஸ்டிக் நீளுது, பட்டன் நீளல. ஈர்ப்பு விசை கட்டி வச்சிருக்குற கேலக்ஸி, சூரியக் குடும்பம், அணுக்களோட மின் விசை கட்டி வச்சிருக்குற நம்ம உடம்பு எதுவும் விரியாது. ஜவ்வரிசி பாயாசத்த வச்சு இத விளக்கலாம்னு ஒரு தடவ நெனச்சேன், சேலத்துக்காரனுக்கு வேற என்ன தோணும், ஆனா கொதிக்க கொதிக்க ஜவ்வரிசியே ஊதிடும், தப்பான பாடம் ஆயிடும்.

இழுத்துப் புடிச்சிருக்கும்போதே கேளுங்க, இனிமே என்ன ஆகலாம்னு. பசங்களே மூணு பதில் சொல்லுவாங்க.

ஒண்ணு, விட்டுட்டா சுருங்கும். எல்லாம் திரும்ப ஒண்ணு மேல ஒண்ணு வந்து நசுங்கும், பிக் க்ரஞ்ச். ரொம்ப நாள் பல பேரு இதுதான் நடக்கும்னு நெனச்சாங்க, ஈர்ப்பு விசை இருக்கே, என்னைக்கோ இழுத்துப் புடிக்கும்னு. 1998ல தூரத்து சூப்பர்நோவாவ, அதாவது வெடிக்கிற நட்சத்திரங்கள, அளந்து பாத்த ரெண்டு குழு, விரியுற வேகம் குறையல, கூடிக்கிட்டே போகுதுன்னு சொல்லிட்டாங்க, அதுக்கு 2011ல நோபல். எது தள்ளுதுன்னு தெரியாததால டார்க் எனர்ஜின்னு ஒரு பேரு வச்சாச்சு, பிரபஞ்சத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்கு அதான்.

ரெண்டு, இழுத்துக்கிட்டே போனா அறுந்துடும். பிக் ரிப். டார்க் எனர்ஜி நாளுக்கு நாள் பலமாச்சுன்னா பட்டனும் தப்பிக்காது. 2003ல கால்ட்வெல்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் ஒரு கணக்கு போட்டாங்க, அதுல கடைசி நாள் 2200 கோடி வருஷத்துக்கு அப்புறம் வருது, அதுக்கு 6 கோடி வருஷம் முன்ன நம்ம பால்வெளி பிரிஞ்சு போகும், 3 மாசம் முன்ன கிரகங்க சூரியன விட்டுப் போகும், அரை மணி நேரம் முன்ன பூமி சிதறும். பசங்களுக்கு இந்த டைம் டேபிள் ரொம்ப புடிக்கும். நடக்க வாய்ப்பு கம்மின்னு சேத்தே சொல்லிடுங்க. டெசின்னு அரிசோனாவுல ஒரு கருவி லட்சக்கணக்கான கேலக்ஸிய அளக்குது, 2024லயும் 2025லயும் வந்த அதோட முடிவுங்கள பாத்தா டார்க் எனர்ஜி கொஞ்சம் பலம் குறையுதோன்னு ஒரு சந்தேகம் வந்திருக்கு. இன்னும் உறுதி ஆகல, ஆச்சுன்னா எல்லா கணக்கையும் திரும்பப் பாக்கணும்.

மூணு, அறுந்து போகவும் இல்ல சுருங்கவும் இல்ல, நீண்டுக்கிட்டே கிடக்கும். இப்ப கைல இருக்குற ஆதாரத்துக்கு பொருந்துறது இதான், அதனால நேரத்த இதுக்கு ஒதுக்குங்க.

இங்க வடமேற்கால ஆண்ட்ரோமெடா கேலக்ஸிய காட்டுங்க. பூரட்டாதி உத்திரட்டாதி சேர்ந்த பெரிய சதுரம் தெரியும், அதோட வடக்கு மூலைல இருந்து நூல் புடிச்ச மாதிரி போனா பஞ்சுல தொட்ட மாதிரி ஒரு மங்கல், பைனாகுலர் இருந்தா நல்லா தெரியும். 25 லட்சம் வருஷம் முன்ன கிளம்புன வெளிச்சம். அது நம்மள விட்டு ஓடல, நம்மள நோக்கி வருது, பக்கத்து வீடு, ஈர்ப்பு விசை கட்டியிருக்கு. மத்த தூரத்து கேலக்ஸி எல்லாம் 10,000 கோடி வருஷத்துக்கு மேல போனா கண்ணுக்கு எட்டாத தூரம் போயிடும், அப்ப யாராவது வானத்த பாத்தா நம்ம ஒரு கூட்டம்தான் மொத்தப் பிரபஞ்சம்னு நெனச்சுக்குவாங்க, விரியுதுன்னு கண்டுபிடிக்க ஒரு பட்டன் கூட மிச்சம் இருக்காது. அக்கா பொண்ணு இதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அப்புறம் கோலம். பத்துக்குப் பத்து, நூறு புள்ளி, பசங்களையே வைக்கச் சொல்லுங்க. ஒரு புள்ளி ஒரு சைபர், ஒரு புள்ளி தள்ளிப் போனா வருஷம் பத்து மடங்கு, கூட்டல் இல்ல பெருக்கல், இத ரெண்டு தடவ சொல்லணும். நாம இப்ப முதல் வரிசை முடிவுல நிக்கிறோம், அவ்ளோதான். ரெண்டாவது வரிசை நாலாவது புள்ளி, அதாவது கோடிய கோடியால பெருக்குன வருஷம், அதோட புதுசா நட்சத்திரம் பிறக்குறது நிக்கும், உமி அடுப்பு மாதிரி கனிஞ்சுக்கிட்டு இருந்த சின்ன சிவப்பு நட்சத்திரங்களும் அணையும். நாலாவது வரிசை நாலாவது புள்ளி வரைக்கும் அணுவுக்குள்ள இருக்குற புரோட்டான்ங்குற துகள் உடையாதுன்னு ஜப்பான்ல சூப்பர் கமியோகாண்டே தண்ணித் தொட்டிய வச்சு பாத்துட்டாங்க, அதுக்கு மேல உடையலாம், உடையாமயும் போகலாம், உடைஞ்சா ஆறிப்போன நட்சத்திரமும் கரையும், நான் செஞ்ச கொலுசும் கரையும். ஏழாவது வரிசை ஏழாவது புள்ளில, சூரியன் எடை இருக்குற கருந்துளை ஆவியாகி முடியும், ஹாக்கிங் 1974ல சொன்ன கணக்கு. நூறாவது புள்ளி பக்கத்துல பெரிய கருந்துளைங்க. அதுக்கப்புறம் புள்ளி வைக்க களம் பத்தாது.

இப்பதான் காபி. டம்ளர தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, சில்லுன்னு இருக்கும். சூடு எங்க போச்சு? எங்கயும் அழியல, களம் பூரா காத்துல பரவிடுச்சு. திரும்ப காத்துல இருந்து பொறுக்கி டம்ளர்ல போட முடியுமா? முடியாது. காபி சூடா இருந்தப்ப ஆவி வந்துச்சு, வாசம் வந்துச்சு, ஏதோ நடந்துக்கிட்டே இருந்துச்சு, காத்தும் காபியும் ஒரே சூடு ஆன பிறகு நடக்க ஒண்ணும் இல்ல. கெல்வின்ங்குற விஞ்ஞானி 1852லயே இந்த மாதிரி ஒரு முடிவ யோசிச்சாரு, ஹீட் டெத்துன்னு பேரு. பேர கேட்டு பசங்க எரிஞ்சு சாகுறதுன்னு நெனப்பாங்க, நேர் எதிர். இப்பவே வெளி மைனஸ் 270 டிகிரில இருக்கு, இன்னும் குளிரும்.

கடைசியா ஒண்ணு இருக்கு, வேக்யூம் டிகே, அதாவது வெற்று வெளியே நிலை மாறிப் போறது. இத கடைசிலதான் சொல்லணும், பத்து வயசுக்குக் கீழ இருந்தா சொல்லவே வேணாம். முதல் வருஷம் நான் கார்ல ஏறும்போதே இதுல ஆரம்பிச்சு, அக்கா பொண்ணு ரெண்டு ராத்திரி தூங்கல, அக்கா ஒரு வாரம் எங்கிட்ட பேசல. மலைப்பாதையில ஒரு ஆரஞ்சு உருண்டு ஒன்பதாவது வளைவுல ஒரு குழியில நின்னுடுச்சுன்னு வைங்க, அதுக்கு அதான் அடிவாரம். உண்மையான அடிவாரம் கீழ இருக்கு. நம்ம பிரபஞ்சம் அப்படி நடுவழிக் குழியில நிக்கலாம்னு 2012ல கண்டுபிடிச்ச, மத்த துகளுக்கு எடை வர்றதோட சம்பந்தப்பட்ட ஹிக்ஸ் துகளோட எடை சொல்லுது. என்னைக்காவது எங்கயாவது ஒரு புள்ளி குழிய தாண்டிட்டா அங்க இருந்து ஒரு குமிழி வெளிச்ச வேகத்துல பரவும், அது தொட்ட எதுவும் மிஞ்சாது, வர்றது தெரியாது, ஏன்னா தெரிய வைக்கிற வெளிச்சமும் அதோடயேதான் வரும். ஆனா கணக்குப்படி எதிர்பாக்க வேண்டிய காலம் நம்ம கோலத்த தாண்டிப் போகுது. கோலம் போட்ட பிறகு சொன்னதால இந்த வருஷம் யாரும் அழல, "அப்ப ஸ்கூல் இருக்கும்"னு சலிச்சுக்கிட்டாங்க.

ராத்திரி கீழ இறங்காதீங்க, பனி இறங்கிட்டா வளைவே தெரியாது, அங்கயே தங்கிடுங்க. கோலத்துக்கு கல்லுமாவு வேணாம், காலையில அதே களத்துல காபி கொட்டை காயப்போடுவாங்க, கலந்துச்சுன்னா தோட்டக்காரரு அடுத்த வருஷம் உள்ள விட மாட்டாரு. அரிசி மாவு போடுங்க, விடியக்காலைல வெளக்கமாறு எடுத்துட்டு போயி பாத்தேன், எறும்பு எங்களுக்கு முன்னாடியே எழுந்து மூணாவது வரிசை வரைக்கும் முடிச்சிருந்துச்சு.